கேட்போர் கடன்

பாடுவோன் கடமை இன்னது, ஆடுவோன் கடமை இன்னது என்று தமிழ்ச் சான்றோர் விரிவாகவே எழுதி வைத்துள்ளனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பயின்ற மாணவர் இதனை நன்கு அறிவர். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை முழக்குவோன், குழல் ஊதுவோன், யாழ் மீட்டுவோன் என ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் வரிசைப்படுத்திக் காட்டுகிறார். ஆனால், எதிரே அமர்ந்து கேட்போனுக்குரிய கடமை யாது? செவி கொடுப்பதோடு அவன் வேலை முடிந்துவிடுகிறதா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு ஓர் இரசிகருக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

அவர் புகழ் பெற்றவர் அல்லர். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், இன்று செபராங் பிறை எனப்படும் வட்டாரத்தில், ஒரு இரப்பர்த் தோட்டத்தில் 1951-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் பால்மரம் சீவும் தொழிலாளி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின்னர் பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்து, அஞ்சலகத்தில் எழுத்தராகி, அப்பணியிலேயே ஓய்வு பெற்றவர். இசைக்கருவி எதனையும் அவர் தொட்டு மீட்டியதில்லை. இராகங்களின் வேறுபாடும் அவருக்குத் தெரியாது. ஆனால், ஒரு பாப் பாடலின் தொடக்க இசை இரண்டு நொடி ஒலித்தால் போதும். பாட்டின் பெயரையும், பாடியவர் பெயரையும், அப்பாட்டைத் தாம் முதன்முதலில் எந்தக் கடையின் வானொலியில் கேட்டார் என்பதையும் கூறிவிடுவார்.

அவருடைய இளமைக் காலம் கித்தார் ஒலித்த காலம். 1961-ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து பாடிச் சென்றனர். அதன் பின்னர், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இளைஞர்கள் கித்தார் வாங்கிக் குழு சேர்க்கத் தலைப்பட்டனர். மூன்று கித்தாரும் ஒரு முரசு வரிசையும் இருந்தால் ஒரு குழு உருவாகிவிடும். சில ஆண்டுகளில் பீட்டில்ஸ் அலையும் வந்து சேர்ந்தது. அவர்களுடைய பாட்டில் ஒலித்த கூவலையே பெயராகக் கொண்டு, 'பாப் யே யே' என்னும் மலாய்ப் பாட்டு வகை பிறந்தது. அஞ்சலக எழுத்தராகவிருந்த அந்த இளைஞர், அப்போது பள்ளி மாணவர். தோட்டத்து ஒட்டுக்கடையின் வானொலிப் பெட்டிக்கு அருகில் மாலை வேளைகளில் நின்றுகொண்டே இருப்பார். தலைமுடியையும் வளர்க்கத் தொடங்கினார். தந்தையார் ஒருநாள், "தலையில் குருவி கூடு கட்டியிருக்கிறதா? முட்டையிட்டால் சொல்" என்றார். லயத்தில் இருந்தவர்கள் அனைவரும் சிரித்தனர். மகன் சிரிக்கவில்லை, முடியையும் வெட்டவில்லை.

புதியதை நேசிக்கும் இளமைக்குப் பழையதை இகழ்வது ஒரு வழக்கமாகிவிடுகிறது. அவரும் அதற்கு விலக்கல்லர். அக்காலத்தில் அவர் இகழ்ந்தது யாரைத் தெரியுமா? பி. ரம்லியை.

பி. ரம்லி பினாங்கில் 1929-ஆம் ஆண்டு பிறந்தவர். 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜான்ஸ், அவரைச் சிங்கப்பூர்ப் படப்பிடிப்பு நிலையத்திற்கு அழைத்தார். பின்னணிப் பாடகராகச் சென்றவரைக் கதாநாயகனாக உயர்த்திய படம், 1950-ஆம் ஆண்டில் எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி'. மலாய்த் திரையுலகின் பெருங்கலைஞருக்கு முதற்படிகளை அமைத்துக் கொடுத்தவர்கள் இந்திய வம்சாவளி இயக்குநர்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது. நடித்தும், பாடியும், இசையமைத்தும், இயக்கியும் அறுபதுக்கு மேற்பட்ட படங்களில் அவர் பங்கு கொண்டார். 1964-இல் கோலாலம்பூருக்குத் திரும்பினார். ஆனால், அதற்குள் இளைஞர்களின் செவி கித்தார்க் குழுக்களின் பக்கம் திரும்பிவிட்டது. அவருடைய பிற்காலப் படங்களுக்கு முன்போன்ற வரவேற்பு இல்லை. 1973-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள், தமது 44-ஆம் வயதில், மாரடைப்பால் மறைந்தார். நாடு அவருக்குத் 'தான் ஸ்ரீ' விருதை வழங்கியது 1990-ஆம் ஆண்டில். விருது வந்தது, அதைப் பெற்றுக்கொள்ள வேண்டிய கைகள் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுக்குள் சென்றுவிட்டன.

1973-இல் நம் இரசிகருக்கு 22 வயது. காப்பிக்கடையில் அமர்ந்து நாளேட்டில் அந்த மரணச் செய்தியைப் படித்தார். படித்துவிட்டு, பந்தாட்டச் செய்தி இருந்த பக்கத்தைப் புரட்டினார். அவ்வளவுதான். பிற்காலத்தில் பி. ரம்லியின் மெல்லிசைப் பாடல்களின் நயம் அவருக்குப் புலப்பட்டபோது, பக்கம் புரட்டிய அந்த நொடி அவரை உறுத்தத் தொடங்கியது. "நான் அவரை வெறுக்கவில்லை. அவர் இருப்பதையே மறந்திருந்தேன். அதுதான் பெரிய குற்றம்" என்று அவர் தம் பிள்ளைகளிடம் கூறுவதுண்டு.

இக்குற்றத்தை உணர்ந்தவர் மீண்டும் அதனைச் செய்யமாட்டார் என்றுதான் எவரும் எண்ணுவர். மனித மனம் அவ்வளவு எளிதில் திருந்துவதன்று.

1980-ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு மாலைப்பொழுது. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு கடை வானொலியில் மலாய்ப் பாட்டொன்று ஒலித்தது. மென்மையான குரல், அக்குரலின் அடியில் ஆறாத ஒரு துயரம். மிதிவண்டியை நிறுத்தி இறங்கினார். பாட்டு முடிந்ததும் கடைக்காரரிடம் பாடியவர் யாரென வினவினார். "அலிகேட்ஸ்" என்றார் அவர். சந்துகளில் திரியும் பூனைகள் என்பது அப்பெயரின் பொருள். மறுவாரம் இசைத்தட்டுக் கடையில் அட்டைப் படத்தைக் கண்டபோது, இரசிகர் வியப்பால் வாய் பிளந்து நின்றார். கரிய நிறம், உருண்டு திரண்ட சுருள்முடி. கடைக்காரர் அவர்களுடைய பெயர்களைக் கூறினார்: லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம். உடன்பிறந்தோர். ஊர் பினாங்கு.

ஆறுமுகம் என்பது அவருடைய தாய்மாமன் பெயரும் ஆகும். அந்த ஒரு பெயர் அவருக்குள் எதனையோ திறந்துவிட்டது. அன்றிலிருந்து அப்பாட்டு யாரோ ஒருவரின் பாட்டாக இல்லாமல், பக்கத்து வீட்டிலிருந்து வரும் பாட்டாகிவிட்டது.

அலிகேட்ஸ் குழு 1960-களின் இறுதியில் பினாங்கில் தோன்றியது. தொடக்கத்தில் ஆங்கிலப் பாடல்களையே பாடியது. 1970-களில் ஹாங்காங் சென்று, அங்கிருந்த விடுதி மேடைகளில் இரவுதோறும் பாடிப் பயிற்சி பெற்றது. பின்னரே மலாய்ப் பாடல்களுக்குத் திரும்பி, 1970-களின் இறுதியில் நாடெங்கும் புகழ் பெற்றது. சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் போன்ற இசையமைப்பாளர்கள் அவர்களுக்குப் பாட்டமைத்துக் கொடுத்தனர். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பாட, மலாய் மக்கள் உருகினர். சீனரும் உடன் சேர்ந்து பாடினர். இந்நாட்டில் ஒற்றுமையைப் பற்றிய சொற்பொழிவுகள் பல உண்டு. சொற்பொழிவின்றி அதனை நிகழ்த்திக் காட்டிய குரல்களுள் இவ்விரு குரல்களுக்கும் இடமுண்டு.

தோட்டத்திலிருந்து வந்து மகனுடன் தங்கியிருந்த தந்தையார் முதலில் முகம் சுளித்தார். "ஆறுமுகம் மகன் தமிழில் பாடாமல் மலாயில் ஏன் பாடுகிறான்?" என்றார். மகன் உடனே விடை கூறவில்லை. இசைத்தட்டைச் சுழலவிட்டார். இரண்டு பாட்டுகள் முடிந்ததும் முதியவர், "குரலில் தாலாட்டு இருக்கிறது" என்றார். அதற்குப் பின் அவர் மொழியைப் பற்றிக் கேட்கவே இல்லை. தாய்மொழியைப் போற்றி வளர்ப்பது ஆசிரியர் கடமை. அதில் இரு கருத்தில்லை. ஆனால், நாட்டின் மொழியில் பாடி நாட்டையே தம் பக்கம் திரும்பச் செய்த ஒரு தமிழ்க் குடும்பத்தையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம் அன்றோ?

இவ்வளவு நேசித்தவர் அவர்களுடைய மேடை நிகழ்ச்சியை எத்தனை முறை கண்டிருப்பார்? ஒருமுறைகூட இல்லை.

முதன்முறை நுழைவுச்சீட்டே வாங்கிவிட்டார். அன்று அலுவலகத்தில் மிகைநேர வேலை வந்தது. சீட்டைத் தம்பியிடம் கொடுத்தார். அடுத்த முறை மூத்த மகளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த முறை பெருமழை. படகுத்துறைவரை சென்று திரும்பிவிட்டார். பின்னர் ஒருமுறை, காரணம் ஒன்றும் இல்லை, வெறும் களைப்பு. ஒவ்வொரு முறையும் மனைவியிடம் அவர் கூறியது ஒரே சொல்: "அடுத்த முறை பார்க்கலாம்." வீட்டில் இசைத்தட்டு இருந்தது, ஒலிநாடா இருந்தது, பிறகு குறுவட்டும் வந்தது. குரல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று எண்ணினார்.

குரல் ஓடவில்லை, குரலுக்குரியவர் போய்விட்டார். 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். பாடிப் பிழைத்த மனிதனுக்கு மூச்சிலேயே நோய் வந்தது. நாளேட்டைப் பிடித்திருந்த இரசிகரின் கை நடுங்கியது. இம்முறை அவர் பக்கத்தைப் புரட்டவில்லை. அந்தக் குழு பாடிய புகழ் பெற்ற பாடல்களுள் ஒன்றின் தலைப்பு, 'அண்டாய்ஞா ஆக்கு பெர்கி டுலு'. நான் முன்னே சென்றுவிட்டால் என்பது அதன் பொருள். நூறு முறை கேட்டிருந்த அப்பாட்டை அன்றிரவு அவரால் முழுவதும் கேட்க முடியவில்லை.

பின்னர் வந்தது காணொளிக் காலம். யூடியூப் தளம் 2005-இல் தொடங்கப்பட்டது. அவர் ஓய்வு பெற்ற பிறகு, பேத்திதான் அதனைத் திறந்து காட்டினாள். பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் மேடைப் பதிவுகளையும் யார் யாரோ தேடியெடுத்து ஏற்றி வைத்திருந்தனர். நிறம் மங்கிய படங்கள், இடையிடையே கோடுகள். ஆயினும், அங்கே லோகநாதன் நின்றார். வியர்வையைத் துடைத்தார். தம்மோடு பாடுமாறு கூட்டத்தை நோக்கிக் கை நீட்டினார். இருபது ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டதை இரசிகர் ஒரே மாதத்தில் கண்டு முடித்தார். இரவு இரண்டு மணிக்கும் அவருடைய அறையில் நீல வெளிச்சம் தெரியும். காணொளியை இகழ்வோர் பலர் உளர். அவர் அதனை ஒருநாளும் இகழ்ந்ததில்லை. இழந்ததைத் திரும்பக் கொடுத்த கருவியை எவ்வாறு இகழ்வது?

ஆயினும் ஏதோ ஒன்று குறைந்தது. அது யாதென அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளக்கியது, அவர் பிள்ளைப் பருவத்தில் போற்றிய பீட்டில்ஸ் குழுவின் காணொளி ஒன்று.

1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் அக்குழுவினர் பாடினர். ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். கித்தார்களுக்கென ஆற்றல் மிகுந்த ஒலிபெருக்கிகள் தனியே செய்யப்பட்டிருந்தன. ஆயினும், இரசிகர்கள் இட்ட கூச்சல் அனைத்தையும் விழுங்கிவிட்டது. பாடுவோருக்குத் தங்கள் குரலே கேட்கவில்லை. இத்தகைய மேடைகளில் முன்னால் நின்றவர்களின் உடலசைவைப் பார்த்தே தாம் தாளம் பிடித்ததாக, முரசு முழக்கிய ரிங்கோ ஸ்டார் பின்னாளில் கூறியுள்ளார். மறு ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் சான் ஃபிரான்சிஸ்கோவில் பாடியதோடு, ஊர் ஊராகச் சென்று பாடுவதையே அவர்கள் நிறுத்திவிட்டனர். அவர்களுடைய மிகச் சிறந்த இசைத்தட்டுகள் சில அதன் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே உருவாயின.

இதனைக் கண்ட இரசிகர் சிந்தித்தார். தெளிவாகக் கேட்பது மட்டுமே நோக்கமானால் மேடை எதற்கு? இசைத்தட்டே போதும். காணொளி அதனினும் மேல். பாடகரின் கண்ணிமை அசைவதும் தெரிகிறது. அப்படியிருந்தும் மனிதர்கள் ஏன் காசு கொடுத்து, வெயிலில் நின்று, நெரிசலில் சிக்கி, அரையும் குறையுமாகக் கேட்கச் செல்கின்றனர்? அவருக்கு விடை கிடைத்தது. பாடகரைக் கேட்பதற்காக மட்டும் அவர்கள் செல்லவில்லை. பாடகர் தங்களைக் கேட்க வேண்டும் என்பதற்காகவும் செல்கின்றனர். இசைத்தட்டும் காணொளியும் கொடுக்கும், வாங்கிக்கொள்ளமாட்டா. ஆயிரம் முறை பார்த்தாலும் அந்தப் பாடகருக்கு ஒரு கைதட்டலைக்கூட அனுப்ப இயலாது. ஷே அரங்கில் கேடு செய்ததும் இதன் மறுபக்கமே. அங்கே கேட்போர் கொடுத்துக்கொண்டே இருந்தனர், பெற்றுக்கொள்ள மறந்தனர். கொடுப்பதும் பெறுவதும் ஒத்து நிகழ்வதே அரங்கம். சங்க காலப் பாணர்க்குப் பொற்றாமரை சூட்டிய மன்னர்கள் இதனை அறிந்திருந்தனர். பாணன் பாடி முடித்த பின் 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று கூறி அவனை அனுப்பியவன், வள்ளல் எனப் பெயர் பெறவில்லை.

விடை கிடைத்த பின் அவர் தாமதிக்கவில்லை. தம்பி மறைந்த பிறகும் டேவிட் ஆறுமுகம் குழுவை விடாமல் நடத்திப் பாடி வந்தார். கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் அவர்களுடைய நிகழ்ச்சி என்று அறிந்ததும், இரசிகர் இரண்டு நுழைவுச்சீட்டுகள் வாங்கினார். அன்று முழங்கால் வலி இருந்தது, மழையும் பெய்தது. பேத்தியை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

விளக்குகள் மங்கின. மேடையில் ஒருவர் வந்து நின்றார். அவர் பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டிய இடம் இரசிகரின் கண்ணுக்கு மட்டும் காலியாகத் தெரிந்தது. முதற்பாட்டு தொடங்கியதும் மண்டபம் முழுவதும் கைப்பேசிகள் உயர்ந்தன. பேத்தியும் உயர்த்தினாள்.

"கொஞ்ச நேரம் அதைக் கீழே வைத்துவிடு அம்மா. அவர் உன் முகத்தைப் பார்க்கட்டும்" என்றார் தாத்தா.

"இத்தனை விளக்கு வெளிச்சத்தில் அவருக்கு நம் முகம் தெரியுமா, தாத்தா?"

"தெரியாது. ஆனால், கைதட்டினால் கேட்கும். கைப்பேசியைப் பிடித்திருக்கும் கை தட்டாது."

அவள் கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள். பாட்டு முடிந்தபோது இருவரும் எழுந்து நின்று தட்டினர். மற்றவர்கள் ஓய்ந்த பின்னரும் கிழவர் நிறுத்தவில்லை. பி. ரம்லிக்குத் தட்டாதது, லோகநாதனுக்குத் தட்டாதது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இரவில் செலுத்திவிட முனைந்தவர்போல் தட்டினார். இறந்தோர்க்குப் பட்ட கடனை இருப்போர்க்குச் செலுத்துவதன்றி வேறு வழி ஏது? வீடு திரும்பியபோது உள்ளங்கைகள் சிவந்திருந்தன.

சில நாள் கழித்துப் பேத்தி ஓடி வந்தாள். அன்றைய நிகழ்ச்சியை யாரோ ஒருவர் பின்வரிசையிலிருந்து படம் பிடித்து இணையத்தில் ஏற்றியிருந்தார். பாடகர் விரலளவே தெரிந்தார். ஒலியும் தெளிவாக இல்லை. கீழ்மூலையில் ஒரு நரைத்த தலை அசைந்துகொண்டிருந்தது. "தாத்தா, இது நீங்கள்தான்!" என்று அவள் கூவினாள். அவர் தம் தலையைப் பார்க்கவில்லை. பாட்டு முடியும் இடத்திற்குச் சென்று, அங்கே எழுந்த கைதட்டலை மட்டும் மும்முறை கேட்டார். பின்னர் மெல்லக் கூறினார்: "இந்தச் சத்தத்துக்குள் என் கையும் இருக்கிறது."

இப்போது உறவினர் வீட்டுத் திருமணங்களில் அவரைக் காண்போர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அனைவரும் விருந்துக்கு விரையும் வேளையில், அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு நாதசுரக்காரர் முன் அமர்ந்துவிடுகிறார். அவர் வாசிப்பது என்ன இராகம் என்று இன்றும் அவருக்குத் தெரியாது. வாசித்து முடித்ததும் அருகில் சென்று, கை கூப்பி, "நன்றாக இருந்தது ஐயா" என்கிறார். வியர்த்த முகத்துடன் கருவியைத் துடைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கலைஞர், யாரும் கேட்கவில்லை என்று எண்ணியிருந்தவர், நிமிர்ந்து பார்க்கிறார். விருந்து சற்று ஆறிப்போகிறது. அதனால் என்ன?